பழைய விளையாட்டுகளிடம் பொய் சொல்லுதல்: ஓர் ஆய்வு

முன்னுரை

கணினி விளையாட்டு என்பது இளமையில் படிப்பையும் நடுவயதில் தூக்கத்தையும் கெடுக்க வல்ல மென்பொருள். முதல் கேட்டைப் பற்றிப் பெற்றோரும் ஆசிரியரும் வேண்டிய அளவு பேசித் தீர்த்துவிட்டார்கள். இரண்டாவதைப் பற்றி அறிஞர்கள் வாய் திறக்கக் காணோம். நாற்பதைத் தாண்டிய ஒருவர் பரணைச் சுத்தம் செய்கையில் பழைய சிடி ஒன்று அகப்படுகிறது. மார்க்கர் பேனாவால் ‘வைஸ் சிட்டி’ என்றோ ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ என்றோ அதன்மேல் எழுதியிருக்கிறது. பரண் வேலை பாதியில் நிற்கிறது. வீடு அடங்கியபின் அவர் புது மடிக்கணினியில் ஆட்டத்தை நிறுவி, ஐகானை இருமுறை சொடுக்குகிறார். திரை கறுக்கிறது. மறுபடி டெஸ்க்டாப் தெரிகிறது. ஆட்டம் வந்த சுவடும் இல்லை, போன சுவடும் இல்லை. கறுப்புக்கும் டெஸ்க்டாப்புக்கும் நடுவில் கழிந்த அந்தக் கணமே இவ்வாய்வின் களம்.

ஆய்வு எல்லை: மின்வெட்டால் நின்ற ஆட்டம், அப்பா மெயின் சுவிட்சை அணைத்ததால் நின்ற ஆட்டம், ஆடத் தெரியாமல் தோற்றுவிட்டு ‘கேம் சரியில்லை’ என்று மூடிய ஆட்டம் ஆகியவை இவ்வாய்வுக்குப் புறம்பானவை. ஆய்வு மூலங்கள்: முதன்மை மூலங்கள் சிடிகளும் பிழைச் செய்திகளும். துணைமை மூலம், கணினி தெரிந்த உறவினர் தொலைபேசியில் சொன்னவை.

முன்னாய்வுகள்

இத்துறையில் மூன்று மரபினர் உளர். ‘ரீஸ்டார்ட்’ மரபினர், கணினியை அணைத்துப் போடுவதே எந்நோய்க்கும் மருந்து என்பர். ‘ஃபார்மட்’ மரபினர், சி டிரைவை வழித்தெடுத்து விண்டோஸை மறுபடி போட்டால் தீரும் என்பர். தெருமுனைக் கணினிக் கடைகளில் இவர்கள் செல்வாக்கு இன்றும் குன்றவில்லை. ‘வைரஸ்’ மரபினர் எது நடந்தாலும் வைரஸ் என்பர். அதற்கு மேல் அவர்கள் விளக்கம் தருவதில்லை.

இவர்கள் கூற்றுப் பொருந்துமோ எனின், பொருந்தாது. ரீஸ்டார்ட் செய்து எழுந்தபின்னும் விண்டோஸ் அதே புது விண்டோஸ்தான். ஃபார்மட் செய்தால் இன்னும் புதிதாகிறது. நோய்க்குக் காரணமே புதுமை என்றிருக்க, மேலும் கொஞ்சம் புதுமை சேர்ப்பது எங்ஙனம் மருந்தாகும்? வைரஸைப் பொறுத்தவரை, ஆட்டம் ஓடாத இடத்தில் அதே சிடியில் வந்த அந்தக் காலத்து வைரஸ் மட்டும் ஓடிவிடும் என்று கொள்ள நியாயம் இல்லை.

கருதுகோள்

பழைய ஆட்டம் புதிய கணினியில் கெட்டுப்போவதில்லை. அது பெரும்பாலும் பிறந்த நாள் தொட்டே ஒரு குறையோடு இருந்தது. உடனிருந்தவர்கள் அதை வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். இன்று அப்படிப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. எனவே பழைய ஆட்டத்தை ஓட்டுவது பழுதுபார்க்கும் தொழில் அன்று; அதனிடம் மரியாதையாகப் பொய் சொல்லும் கலை. இதில் அறப் பிழை உண்டோ என ஐயுறுவார்க்கு, வள்ளுவரே ‘வாய்மை’ அதிகாரத்துக்குள் வைத்து, குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யையும் வாய்மையின் இடத்தில் வைக்கலாம் என்று விலக்கு அளித்துள்ளார். நள்ளிரவில் குதிரைவீரர்களை அனுப்பி எதிரியின் கோட்டையை இடிப்பது குற்றமற்ற நன்மையா என்பது தனி ஆய்வுக்குரியது.

இயல் ஒன்று: குறிகள்

ஆட்டம் கிராஷ் ஆவதன் குறிகள் நான்கு. ஒன்று, தொடங்காமை: சுட்டியருகே நீல வட்டம் சற்றே சுழன்று ஓயும், வேறொன்றும் நிகழாது. இரண்டு, தோன்றி மறைதல்: தயாரிப்பு நிறுவனத்தின் சின்னம் வரும், இசை ஒரு தட்டுத் தட்டும், பிறகு வெறுமை. மூன்று, தொங்கல்: மக்கள் வழக்கில் ‘ஹேங் ஆயிடுச்சு’. படம் உறைந்துபோக, இசையின் ஒரு துணுக்கு மட்டும் திரும்பத் திரும்ப ஒலிக்கும். அடுத்த அறையில் உறங்குபவர் எழுந்து வருதல் இவ்வகைக்கே உரிய துணைக்குறி. நான்கு, ஓடியும் உருப்படாமை: ஆட்டம் ஓடும், ஆனால் கடல் சிவப்பாக இருக்கும், அல்லது கதாநாயகன் ஒரு விசை அழுத்தத்தில் ஊரைக் கடந்துவிடுவான்.

கிராஷ் ஆகும் ஆட்டம் சில வேளைகளில் 0எக்ஸ்சி0000005 என்று, நாவால் உச்சரிக்க இயலாத எண் ஒன்றை விட்டுச்செல்லும். தனக்கு ஒதுக்கப்படாத நினைவக இடத்தில் கைவைத்தது என்பது இதன் பொருள். விண்டோஸ் 98 காலத்தில் இத்தகைய குற்றங்களை ‘சட்டவிரோதச் செயல்’ என்றே ஆங்கிலத்தில் பெட்டி போட்டு அறிவித்தார்கள். வீட்டில் ஒற்றைக் கணினி, அதுவும் அப்பா கடன் வாங்கி வாங்கியது என்ற நிலையில், அந்தப் பெட்டியைப் பார்த்த சிறுவனுக்கு வயிறு கலங்கியதில் வியப்பில்லை. இப்போதைய விண்டோஸ் பல நேரம் அதைக்கூடச் சொல்வதில்லை; குற்றவாளியைச் சத்தமில்லாமல் அப்புறப்படுத்திவிட்டு டெஸ்க்டாப்பைக் காட்டுகிறது.

இயல் இரண்டு: பிறவிக் குறை

கருதுகோளுக்கு முதற்சான்று ‘சிம்சிட்டி’. 1989-இல் வெளிவந்த இந்த நகர நிர்மாண ஆட்டம், ஓர் இடத்தில், தான் பயன்படுத்தி முடித்து இயக்குதளத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தை மறுபடி எடுத்துப் படித்தது. பழைய இயக்குதளத்தில் திருப்பிக் கொடுத்த இடம் உடனே வேறொருவருக்குப் போகாது. உள்ளே இருந்தது அப்படியே கிடக்கும். ஆகவே பிழை தெரியவில்லை. விண்டோஸ் 95 வந்தபோது நினைவகத்தை ஒதுக்கும் முறை மாறியது. ஆட்டம் சோதனையில் விழுந்தது. மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது? ஆட்டத்தைத் திருத்தச் சொல்லவில்லை. ஓடுவது சிம்சிட்டிதானா என்று விண்டோஸே பார்த்து, ஆம் எனில் திருப்பிக் கொடுத்த நினைவகத்தை உடனே எடுத்துக்கொள்ளாமல் வைத்திருக்கும்படி இயக்குதளத்துக்குள் தனி ஏற்பாடு செய்தது. ஓர் ஆட்டத்தின் மறதியைக் காப்பாற்ற ஓர் இயக்குதளம் தன் சட்டத்தைத் தளர்த்திக்கொண்டது.

இரண்டாம் சான்று அண்மைக் காலத்தது. ‘ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்’ கணினிக்கு வந்தது 2005-இல். அதில் ‘ஸ்கிம்மர்’ என்ற நீர்விமானம் உண்டு. 2024-இல் வெளியான விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்கு மாறியவர்களின் ஆட்டத்தில் இவ்விமானம் தண்ணீரிலிருந்து காணாமற்போனது. குறுக்குவழியில் அதை வரவழைத்து ஏறி உட்கார்ந்தவர் வானத்தில் வீசியெறியப்பட்டார். எவ்வளவு உயரத்துக்கு? ஆட்டத்தின் கணக்கில் ஏறத்தாழ 1-க்குப் பின்னால் 31 சுழியங்கள் இட்ட அளவு மீட்டர். காணக்கூடிய பேரண்டத்தின் குறுக்களவு ஏறத்தாழ 9,300 கோடி ஒளியாண்டுகள் என்பர் வானியலார். ஆட்டக்காரர் போய்ச் சேர்ந்த இடம் அதைப்போல் பத்தாயிரம் மடங்குக்கும் அப்பால். உலகளந்த பெருமாளே மூன்றடியோடு நிறுத்திக்கொண்டார் என்பது இங்கே ஒப்புநோக்கத்தக்கது.

இதன் காரணத்தை 2025-இல் ஆட்டத் திருத்தப் பொதிகள் எழுதும் ஒருவர் துப்புத் துலக்கினார். முந்தைய ஆட்டமான ‘வைஸ் சிட்டி’யில் ஸ்கிம்மரைப் படகு வகையில் சேர்த்திருந்தார்கள். படகுக்குச் சக்கரம் இல்லை; சக்கர அளவு எழுத வேண்டியதில்லை. சான் ஆண்ட்ரியாஸில் அதை விமான வகைக்கு மாற்றினார்கள். விமானத்துக்குச் சக்கர அளவு வேண்டும், எழுத மறந்தார்கள். வாகனப் பட்டியலை வரிவரியாகப் படித்துவந்த நிரல், ஸ்கிம்மர் வரியில் அளவு இல்லாததைக் கவனிக்காமல், நினைவக அடுக்கில் ஏற்கெனவே கிடந்த எண்ணை எடுத்துக்கொண்டது. அது பட்டியலில் அதற்கு முன் படித்த ஒரு வேனின் சக்கர அளவு. ஆக, இருபது ஆண்டுகள் அந்த நீர்விமானம் ஒரு வேனின் சக்கரத்தை நம்பிப் பறந்துகொண்டிருந்தது. 24எச்2-இல் விண்டோஸ் தன் உட்செயல்களில் ஒன்றை மாற்றி எழுதியது. அது நினைவக அடுக்கைச் சற்றே கூடுதலாகப் பயன்படுத்தியது. வேனின் எண் அழிந்து வேறு குப்பை அங்கே வந்தது. ஆட்டக்காரர் பேரண்டத்துக்கு வெளியே போனார்.

விண்டோஸ் மாறியதால்தானே கெட்டது எனின், அற்றன்று. விண்டோஸ் தன் வீட்டைத்தான் ஒழுங்குபடுத்தியது. குறை 2005-ஆம் ஆண்டே எழுதப்பட்டுவிட்டது. இடையில் காத்தது தற்செயல். கருதுகோள் நிலைபெறுகிறது.

இயல் மூன்று: வயதுப் பொய்

இனிப் பொய்களின் வகை. முதலாவதும் எளியதும் வயதைப் பற்றிய பொய்.

ஆட்டங்கள் ஓடத் தொடங்குமுன் விண்டோஸிடம் ‘உன் பதிப்பு எண் என்ன?’ என்று கேட்பது வழக்கம். கேட்பதில் தவறில்லை; விடையை ஒப்பிடுவதில் அவை தவறின. எக்ஸ்பியின் எண் 5.1. ஓர் ஆட்டம், முன்னெண் 5 அல்லது அதற்கு மேல், பின்னெண் 1 அல்லது அதற்கு மேல் இருந்தால் போதும் என்று தனித்தனியே சரிபார்க்கிறது என்க. 6.0 என்ற எண்ணோடு விஸ்டா வருகிறது. முன்னெண் 6: சரி. பின்னெண் சுழியம்: சரியில்லை. ‘குறைந்தது எக்ஸ்பியாவது வேண்டும்’ என்று, எக்ஸ்பிக்குப் பின் பிறந்த விண்டோஸைப் பார்த்து ஆட்டம் கதவைச் சாத்தும்.

இவ்வகைக் கணிதப் புலமையோடு மல்லுக்கட்டி அலுத்த மைக்ரோசாஃப்ட், தன் வயதைத் தானே மறைக்கத் தொடங்கியது. விண்டோஸ் 95 பழைய 16 பிட் நிரல்கள் கேட்டால் தன் எண் 4.0 என்று சொல்லாமல் 3.95 என்றது. விண்டோஸ் 7 தன்னை 6.1 என்றது. இன்று விண்டோஸ் 11 உள்ளுக்குள் 10.0 என்றுதான் பதிவாகியிருக்கிறது. தலைமையாசிரியர் முதல் வகுப்பில் சேர்ப்பதற்காகத் தோராயமாகப் போட்ட ஜூன் மாதப் பிறந்த தேதியோடு ஓய்வு பெறும் வரை அரசு வேலை பார்த்த தலைமுறையினர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. சான்றிதழில் ஒன்று, ஜாதகத்தில் ஒன்று, இரண்டும் செல்லும்.

விண்டோஸ் தானே சொல்லும் பொய் போதாதபோது, பயனர் அதைத் தூண்டிச் சொல்லவைக்கலாம். இதற்கான களப்பதிவு ஒன்று வருமாறு. தொலைபேசியின் ஒரு முனையில் தாய்மாமன். மறுமுனையில் கணினித் துறையில் பணிபுரியும் மருமகன்.

“மாமா, ஐகான் மேல ரைட் கிளிக் பண்ணுங்க.”

“பண்ணிட்டேன். ஓப்பன்னு இருக்கு.”

“ஓப்பன் வேண்டாம். கடைசியில ப்ராப்பர்ட்டீஸ்.”

“ம், வந்திருச்சு.”

“மேல கம்பாட்டிபிலிட்டினு ஒரு டேப் இருக்கும். அதுல விண்டோஸ் எக்ஸ்பி, சர்வீஸ் பேக் 3-னு எடுங்க. கீழ ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்லயும் ஒரு டிக் அடிங்க.”

“ஏம்ப்பா, எங்கிட்ட இருக்கிறது விண்டோஸ் 11. எக்ஸ்பினு போட்டா அது கண்டுபிடிச்சிராதா?”

“அதுக்கு வேற யார்கிட்டயும் கேக்கத் தெரியாது மாமா. நாம சொல்றதுதான்.”

மருமகனின் கடைசி வாக்கியமே இத்துறையின் அடிப்படைச் சூத்திரம். ஆட்டம் வெளியுலகைத் தானாகப் பார்ப்பதில்லை. அது எதைக் கேட்டாலும் இயக்குதளத்தைத்தான் கேட்க வேண்டும். நடுவில் ஒருவர் நின்று விடையை மாற்றினால் அதற்குத் தெரிய வழியில்லை. விண்டோஸ் கோப்புறைக்குள் ‘ஆப்பேட்ச்’ என்றொரு கோப்புறை இருக்கிறது. எந்தெந்த நிரலிடம் எந்தெந்தப் பொய்யைச் சொல்ல வேண்டும் என்ற பட்டியலை மைக்ரோசாஃப்ட் அங்கேதான் வைத்திருக்கிறது. பொய்யை இவ்வளவு ஒழுங்காகக் கோப்பில் வைத்துப் பேணும் வேறொரு நிறுவனம் இருந்தால், அது வெளியே சொல்லாது.

‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ ஏன் எனின், அது இடம் பற்றியது. பழைய ஆட்டங்கள், நீங்கள் சேமித்த நிலைகளைத் தம் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே எழுதும். விஸ்டா முதற்கொண்டு ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறைக்குள் யாரும் இஷ்டத்துக்கு எழுதக்கூடாது என்று விதி வந்தது. எழுத வரும் பழைய ஆட்டத்தைத் தடுத்தால் அது விழும் என்பதால், விண்டோஸ் ‘சரி, எழுதிக்கொள்’ என்று சொல்லிவிட்டு, கோப்பை ‘வர்ச்சுவல்ஸ்டோர்’ என்ற மறைவிடத்தில் கொண்டுபோய் வைக்கும். ஆட்டம் திரும்பக் கேட்டால் அங்கிருந்து எடுத்துத் தரும். ஆட்டத்துக்குச் சந்தேகமே வராது. சேமித்த கோப்பைத் தேடி ஆட்டத்தின் கோப்புறையைத் துழாவும் மனிதருக்குத்தான் பைத்தியம் பிடிக்கும். ஆட்டத்தை நிர்வாகியாக ஓட்டினாலோ, ‘சி’யில் தனிக் கோப்புறை ஒன்றில் நிறுவினாலோ இத்தொல்லையே இல்லை என்பது அனுபவ வைத்தியர் முறை.

இயல் நான்கு: ஏழ்மைப் பொய்

பழைய ஆட்டம் வளர்ந்தது வறிய வீட்டில். செல்வத்தைக் கண்டால் அது மருளும். எனவே இருப்பதை மறைத்து, இல்லாததுபோல் நடிக்க வேண்டும்.

வேகம் முதற்செல்வம். 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் செயலி 4.77 மெகாஹெர்ட்சில் ஓடியது. அக்காலத்து ஆட்டங்கள் சில, கடிகாரத்தைப் பாராமல், செயலி ஒரு சுற்றுச் சுற்ற ஆகும் நேரத்தையே அளவாகக் கொண்டன. வேகமான செயலி வந்ததும் எதிரிகள் மின்னலெனப் பாய்ந்தனர். இதற்காகவே பெட்டியில் ‘டர்போ’ பொத்தான் வைத்தார்கள். பெயர் டர்போ, அதன் பயன் கணினியை மெதுவாக்குவது. டர்போ பாஸ்கல் மொழியில் எழுதிய நிரல்களின் கதை இன்னும் விநோதம். தொடங்கும்போது, கடிகாரத்தின் ஒரு துடிப்புக்குள், அதாவது சுமார் 55 மில்லிநொடிக்குள், எத்தனை முறை சுற்ற முடிகிறது என்று எண்ணி, அதை 55-ஆல் வகுத்து வைத்துக்கொள்ளும். விடை 16 பிட்டுக்குள் அடங்க வேண்டும். 200 மெகாஹெர்ட்ஸ் அளவைத் தாண்டிய செயலிகளில் விடை அடங்கவில்லை. செயலி முறையிட, நிரல் ‘ரன்டைம் எரர் 200’ என்று அறிவித்துச் சாய்ந்தது. அதன் பொருள், சுழியத்தால் வகுத்த குற்றம். சுழியமே இல்லாத கணக்கில், வேகமாக ஓடியதற்காக ஒரு செயலியின்மேல் இக்குற்றம் சுமத்தப்பட்டது.

இடம் இரண்டாம் செல்வம். வன்தட்டில் எவ்வளவு காலியிடம் என்று கேட்டு, விடையை 32 பிட்டுக் குறியெண்ணில் போட்டுக்கொள்ளும் நிறுவல் நிரல்கள் உண்டு. அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,147,483,647. அதைத் தாண்டினால் எண் எதிர்மறையாகிவிடும். ஐந்நூறு ஜிபி காலியாக உள்ள தட்டைப் பார்த்து, ‘இடம் போதாது, எதையாவது அழியுங்கள்’ என்று நிரல் கேட்பது இதனால்தான். நீங்கள் அழித்தால் பயனிருக்காது. பெரிய திரைப்படக் கோப்பு ஒன்றிரண்டை நகலெடுத்துப் போட்டுக் காலியிடத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால், மிச்சம் ஓர் இணக்கமான எண்ணாக விழும் வேளையில் நிறுவல் தொடங்கிவிடும். இடம் போதவில்லை என்பவனுக்கு இடத்தை அடைத்துத் தருவது வேறெந்தத் துறையிலும் தீர்வாகக் கண்டதில்லை.

மூன்றாம் செல்வம் திறமை. ‘குவேக்’ எஞ்சின் வழிவந்த சில ஆட்டங்கள், தொடங்கும்போது கிராஃபிக்ஸ் கார்டிடம் அதற்கு என்னென்ன தெரியும் என்று கேட்டு, விடையை ஒரு குறிப்பிட்ட நீளமுள்ள இடத்தில் எழுதிக்கொள்ளும். தொண்ணூறுகளில் கார்டுக்குத் தெரிந்தவை கொஞ்சம். இன்றைய கார்டு தன் திறன்களை ஓபன்ஜிஎல் முறைப்படி ஒப்பிக்கத் தொடங்கினால் பல பக்கம் போகிறது. எழுதும் இடம் நிரம்பி வழிந்து, ஆட்டம் அப்படியே மூர்ச்சையாகிறது. இதற்கென்றே என்விடியா தன் கட்டுப்பாட்டுப் பலகத்தில் ஓர் அமைப்பு வைத்தது. அதை இயக்கினால் கார்டு தன் புலமையைச் சுருக்கிச் சொல்லும். அவையடக்கத்தை வன்பொருளுக்குக் கற்பித்த முதல் முயற்சியாக இதைக் கொள்ளலாம்.

ஏழ்மையோடு தனிமையும் நடிக்க வேண்டியிருக்கிறது. ஒற்றைச் செயலிக் காலத்து ஆட்டம், பல கருவுள்ள செயலியில் ஒரு கருவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது நேரக் கணக்கில் குழம்பித் தொங்கும். டாஸ்க் மேனேஜரில் அதன் பெயர்மேல் வலச்சொடுக்கு இட்டு, ‘செட் அஃபினிட்டி’ எடுத்து, ஒன்றைத் தவிர மற்றக் கருக்களின் டிக்கை எடுத்துவிட்டால் தெளியும். பதினாறு கருக்களுக்குப் பணம் கொடுத்து வாங்கியவர் பதினைந்தை ஒளித்துவைக்கும் இந்தச் சடங்கைச் செய்து முடித்தபின்பே பொருளாதாரம் பற்றிச் சிந்திப்பது நலம்.

தனிமைப் பொய்யின் உச்சம் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’. 1999-இல் வந்த இது 256 நிறங்களே கொண்ட ஒரு பலகையைத் தனக்கென்று கேட்கும். விஸ்டா, விண்டோஸ் 7 காலத்தில், டெஸ்க்டாப்பையும் கீழ்ப்பட்டையையும் நடத்தும் ‘எக்ஸ்ப்ளோரர்’ அந்தப் பலகையில் சில இடங்களைத் தன் நிறங்களால் நிரப்பிவிட்டது. விளைவு, புல் ஊதா, கடல் சிவப்பு. கிராமவாசி ரத்தக் கடலில் மீன் பிடித்துக்கொண்டிருப்பான். தீர்வு கண்டவர்கள் செய்தது: டாஸ்க் மேனேஜரைத் திறந்து எக்ஸ்ப்ளோரரையே கொன்றார்கள். ஐகான்கள், கீழ்ப்பட்டை, ஸ்டார்ட் பொத்தான் அனைத்தும் ஒருசேர மறைந்தன. வெறும் சுவரொட்டிப் படம் எஞ்சியது. அந்த வெறுமையில் ஆட்டத்தைத் தொடங்கினால் கடல் நீலமானது. உயிர்க்கொலைக்கு அஞ்சியவர்கள், திரையின் அளவை மாற்றும் ‘ஸ்கிரீன் ரெசல்யூஷன்’ சாளரத்தைத் திறந்து பின்னால் வைத்துக்கொண்டாலே போதும் என்று கண்டுபிடித்தார்கள். அதில் எதையும் மாற்ற வேண்டாம், திறந்திருந்தால் போதும். இவ்வளவு குறைந்த உழைப்பில் ஒரு கடலின் நிறத்தை மாற்றியவர் புராணங்களிலும் அரியர்.

இயல் ஐந்து: உலகப் பொய்

ஒன்றிரண்டு விடையை மாற்றிச் சொல்வது சில்லறைப் பொய். முழு உலகத்தையும் பொய்யாகக் கட்டித் தருவது மொத்த வணிகம்.

64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரல்களை ஓட்டாது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே இல்லை. ஆகவே பள்ளிக் கணினி ஆய்வகங்களில் ஆசிரியர் வெளியே போனதும் ஓடிய ‘டேஞ்சரஸ் டேவ்’ முதலான டாஸ் ஆட்டங்களுக்கு விண்டோஸ் 11-இல் நேரடி வாழ்வு இல்லை. இங்கே ஒரு கொடுமையும் உண்டு. விண்டோஸ் 95 காலத்து ஆட்டங்கள் பல 32 பிட்; அவை இன்றும் ஓடக்கூடியவை. ஆனால் அவற்றின் நிறுவல் நிரல் மட்டும் 16 பிட். ஏன்? யாராவது அதைப் பழைய விண்டோஸ் 3.1-இல் போட்டுப் பார்த்தால், ‘மன்னிக்கவும், விண்டோஸ் 95 வேண்டும்’ என்று சொல்லவாவது நிரல் ஓட வேண்டுமே என்பதற்காக. முந்தைய தலைமுறைக்குக் காட்டிய இந்த மரியாதையால் பிந்தைய தலைமுறையின் வாசலில் ஆட்டம் நிற்கிறது. பரவலாகப் பயன்பட்ட சில நிறுவல் நிரல்களை மட்டும் விண்டோஸ் அடையாளம் கண்டு, சத்தமில்லாமல் 32 பிட் மாற்று ஒன்றை ஓட்டிவிடுகிறது. ஆள்மாறாட்டமும் பொய்யின் ஓர் உட்பிரிவே.

டாஸ் ஆட்டங்களுக்கு 2002-இல் ‘டாஸ்பாக்ஸ்’ வந்தது. இது ஒரு முழுக் கணினியையே மென்பொருளால் நடிக்கிறது. ‘மவுன்ட்’ என்று ஒரு கட்டளை கொடுத்து, உங்கள் வன்தட்டின் ஒரு கோப்புறையைக் காட்டி, ‘இதுதான் உன் சி டிரைவ்’ என்கிறீர்கள், நம்புகிறது. சவுண்ட் பிளாஸ்டர் கார்டு இருக்கிறதா என்று ஆட்டம் கேட்டால், முகவரி 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1 என்று இல்லாத கார்டுக்கு வீட்டு எண்ணோடு விலாசம் சொல்கிறது. வேகம் அதிகமா? கண்ட்ரோலோடு எஃப்11-ஐ அழுத்தினால் பொய்க் கணினி மெதுவாகும். எஃப்12 அழுத்தினால் வேகமாகும். டர்போ பொத்தான் இவ்வாறு மறுபிறவி எடுத்தது.

விண்டோஸ் ஆட்டங்களுக்கு வந்த பொய் அதைவிட நுட்பமானது. ‘வைன்’ என்ற திட்டம் 1993-இலிருந்து, விண்டோஸ் இல்லாத லினக்ஸை விண்டோஸ் என்று நிரல்களை நம்பவைத்து வருகிறது. 2018-இல் வால்வ் நிறுவனம் அதன்மேல் கட்டிய ‘புரோட்டானை’ வெளியிட்டது. விண்டோஸ் 11 கைவிட்ட சில பழைய விண்டோஸ் ஆட்டங்களை இப்போது லினக்ஸ் ஓட்டிக் காட்டுகிறது. உண்மையான விண்டோஸைவிடப் பொய் விண்டோஸ் விண்டோஸுக்கு நெருக்கமாக இருப்பதன் மெய்ப்பொருளை அத்வைதிகள் ஆராய வேண்டும்; இக்கட்டுரையாளருக்கு அத்தகுதி இல்லை.

இயல் ஆறு: பொய் எடுபடாத இடங்கள்

ஆட்டமே சந்தேகப் பேர்வழியாக இருக்கும்போது பொய் எடுபடாது. 2000-களில் பல ஆட்டங்கள் ‘சேஃப்டிஸ்க்’ என்ற காவலரோடு வந்தன. டிரைவில் இருப்பது அசல் தட்டுத்தானா என்று பார்ப்பது அதன் வேலை. அதற்காக அது விண்டோஸின் அடித்தளத்தில் ஒரு டிரைவரை நட்டுவைத்தது. வீட்டுக்குள் அவ்வளவு ஆழத்தில் அந்நியன் ஒருவன் இருப்பது ஆபத்து என்று கண்டு, 2015-இல் வந்த விண்டோஸ் 10 அந்த டிரைவரை ஏற்க மறுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பு வழியாக முந்தைய விண்டோஸ்களிலும் அது முடக்கப்பட்டது. விளைவைக் கவனிக்க: கடையில் முழு விலை கொடுத்து அசல் தட்டு வாங்கியவரின் ஆட்டம் நின்றது. காவலரை ஏற்கெனவே கழற்றிவிட்டிருந்த நடைபாதைத் திருட்டு சிடி ஓடிக்கொண்டே இருந்தது. திருட்டை இக்கட்டுரை ஆதரிக்கவில்லை. காவலர் யாரை மறித்தார் என்று மட்டும் பதிவு செய்கிறது.

இன்னொரு இடம், ஆட்டம் யாருக்கும் புரியாத நிலை. எக்ஸ்பியோடு வந்த ‘ஸ்பேஸ் கேடட்’ பின்பாலை நினைவில்லாதவர் இரார். மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் 2012-இல் எழுதிய விளக்கத்தின்படி, அதை 64 பிட்டுக்குக் கொண்டுபோகும் முயற்சியில் பந்து எதிலும் மோதவில்லை. எல்லாவற்றையும் ஊடுருவிக் கீழே விழுந்தது. மூல நிரலை எழுதியவர்கள் வெளி நிறுவனத்தார். அதில் விளக்கக் குறிப்பென்று பெயருக்கும் இல்லை. விஸ்டாவில் பின்பால் இடம்பெறவில்லை. ஆயினும் எக்ஸ்பி காலத்து 32 பிட் கோப்புறையை அப்படியே நகலெடுத்துப் போட்டால் விண்டோஸ் 11-இலும் பந்து மோதுகிறது. சில ஆட்டங்களிடம் பொய் சொல்வதைவிட அவற்றை அப்படியே விட்டுவிடுவது மேல்.

முடிவுரை

ஆய்வின் பயனாய்ப் பெறப்படும் சிகிச்சை முறை: முதலில் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’க்கு வெளியே நிறுவுக. பின்னர் வயதுப் பொய். தீராவிடில் ஏழ்மைப் பொய், தனிமைப் பொய். டாஸ் ஆட்டமெனில் நேரே டாஸ்பாக்ஸ். இவற்றுக்கிடையே, ‘அந்த டிஎல்எல் கோப்பு இல்லை’ என்று செய்தி வந்ததற்காக ஊர் பேர் தெரியாத தளத்திலிருந்து அதைத் தரவிறக்கி உள்ளே போடுதல் விலக்கத்தக்கது. வைரஸ் மரபினர் வெல்லும் ஒரே களம் அது.

மேலாய்வுக்கு உரியது ஒன்று உண்டு. மேற்கண்ட பொய்கள் அனைத்தும் பலிப்பதற்குக் காரணம், ஆட்டம் முழுவதும் உங்கள் வன்தட்டில் இருக்கிறது. அது கேட்கும் கேள்விகளுக்கு உங்கள் கணினியே விடை சொல்கிறது. இன்றைய ஆட்டங்களில் பல அப்படியல்ல. எங்கோ உள்ள சர்வரைக் கேட்டுத்தான் அவை கண் விழிக்கின்றன. 2014-இல் வந்த ‘தி குரூ’ என்ற கார் பந்தய ஆட்டத்தின் சர்வர்களை 2024 மார்ச் 31-இல் மூடினார்கள். காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தவர்களால் தனியாகக்கூட ஆட முடியவில்லை. அந்த ஆட்டத்தில் நினைவகப் பிழை இல்லை, சக்கர அளவு மறந்துபோகவில்லை, நிறம் மாறவில்லை. அது கேட்ட கேள்விக்கு விடை சொல்ல மறுமுனையில் ஆளில்லை. ஆர்வலர்கள் சிலர் இத்தகைய ஆட்டங்களுக்குப் பொய்ச் சர்வர் கட்டும் வேலையில் இறங்கியிருக்கிறார்கள். பொய்களின் வரிசையில் இதை ஐந்தாவதாகச் சேர்க்கலாமா என்பதை வருங்கால ஆய்வாளர் முடிவு செய்க.

அதுவரை பெறப்படும் துணிபு: கிராஷ் ஆகும் ஆட்டம் சிகிச்சைக்கு உட்பட்டது. விழுவதற்கு முன்பு அது எழுந்திருக்கிறது, எதையோ கேட்டிருக்கிறது, கிடைத்த விடையில் தடுமாறியிருக்கிறது. விடையை மாற்றிச் சொல்ல இன்னும் வாய்ப்பு இருக்கிறது. ஆகவே பரணில் சிடி கண்டெடுத்தவர் மனம் தளராமல் ப்ராப்பர்ட்டீஸுக்குப் போய் அடுத்த பொய்யை முயல்க; மறுநாள் அலுவலகத்தில் கண் சிவந்திருப்பதற்கு என்ன பொய் சொல்வது என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.